வெளிநாட்டுப் பணமும் நம்ம முத்தும்

"ஆராய்ச்சிக்கு வெளிநாட்டுப் பணம் வருதாமே, நமக்கு என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

தூத்துக்குடியில் 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. பார்களில் சிப்பி குறைந்துவிட்டது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் சிப்பிக்குள் கரு வைத்து, உருண்டை முத்து எடுத்தார்கள். நம்ம அரசு நிலையம், நம்ம விஞ்ஞானிகள்.

அதற்குப் பிறகு, 1979-ல், ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு அதே நிலையம் கொச்சியில் கடல்வளர்ப்பு உயர்கல்வி மையம் தொடங்கிற்று. பட்டம் தந்தது கொச்சிப் பல்கலைக்கழகம். 1981-ல் தூத்துக்குடியில் சிப்பிக் குஞ்சையே தொட்டியில் வளர்த்தெடுத்தார்கள்.

வெளிப்பணம் மேலுரம் மாதிரி. நம்ம விதை முளைத்திருந்தால்தான் பலிக்கும். படித்த வித்தை சங்கு குளிக்கிறவர் வீட்டுக்கும் நம்ம வயலுக்கும் வந்து சேர்ந்ததா என்று கேட்க மறக்காதீர்கள்.