தீயணைப்பு வீரர்கள் பாராமெடிக் ஆன வரலாறு

தீயணைப்புப் பணியோடு அவசர மருத்துவச் சிகிச்சையும் அளிப்பதற்குப் பயிற்சியும் உரிமமும் பெற்ற பணியாளர் தீயணைப்பு வீரர்-பாராமெடிக் எனப்படுகிறார். இம்முறை 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் உருவானது. தொடக்கத்தில் விருப்பமுள்ள சில வீரர்கள் மட்டுமே இப்பயிற்சி பெற்றனர். பின்னர் பல நகரங்களில் தீயணைப்புத் துறை வேலைக்கு இதுவும் ஒரு நிபந்தனையாயிற்று. விருப்பமாகத் தொடங்கியது கட்டாயமாக மாறியது ஏன், அதனால் விளைந்தது என்ன என்ற கேள்விகள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன.

சவ ஊர்தியும் ஆம்புலன்சும்

1960-களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் என்பது நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி மட்டுமே. வண்டியில் வருபவருக்கு மருத்துவப் பயிற்சி இருக்க வேண்டும் என்ற விதி பெரும்பாலான இடங்களில் இல்லை. 1966-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1965-இல் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் இறந்ததாக அது கூறியது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழ பாதியை ஈமச்சடங்கு நிறுவனங்களே நடத்தி வந்தன என்பதையும் அது எடுத்துக்காட்டியது. ஒருவரைப் படுக்க வைத்துக் கொண்டுசெல்லும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம் இருந்ததே இதற்குக் காரணம்.

அதே ஆண்டு வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் இதயநோய் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். மாரடைப்பு வந்தவர்களில் பலர் மருத்துவமனையை அடையும் முன்பே இறப்பதைக் கண்ட அவர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியை (டிஃபிப்ரிலேட்டர்) வண்டியில் ஏற்றி மருத்துவரோடு நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். 1967-இல் வெளியான அவரது கட்டுரை அமெரிக்க மருத்துவர்களை ஈர்த்தது. ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மருத்துவரை வைத்திருப்பது பெரிய நகரங்களுக்குக் கட்டுப்படியாகாது. மருத்துவர் அல்லாத ஒருவருக்கு இவ்வேலையைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது.

ஃப்ரீடம் ஹவுஸ்

இக்கேள்விக்கான தொடக்ககால விடைகளுள் ஒன்று தீயணைப்புத் துறைக்கு வெளியிலிருந்து வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் நோயாளிகளைக் காவல்துறை வேன்களே ஏற்றிச் சென்றன. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு இச்சேவை ஒழுங்காகக் கிடைக்கவில்லை. இதய-நுரையீரல் மீட்புச் சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரான மருத்துவர் பீட்டர் சாஃபர், 1967-இல் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவைக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தார். அப்பகுதியில் வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். உடற்கூறு முதல் இதயச் சிகிச்சை வரை கற்ற அவர்கள், அன்றைய அமெரிக்காவில் மிகத் தேர்ந்த ஆம்புலன்ஸ் பணியாளர்களாக விளங்கினர்.

1975-இல் பிட்ஸ்பர்க் நகராட்சி சொந்த ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியபோது ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதன் பணியாளர்கள் புதிய சேவையில் சேர்க்கப்பட்டாலும், அவர்களுள் பலர் காலப்போக்கில் வெளியேற நேர்ந்தது. அங்கு மருத்துவப் பொறுப்பு வகித்த நான்சி கரோலின் எழுதிய பயிற்சிப் பாடங்களே பின்னர் நாடு முழுவதும் பாராமெடிக் கல்விக்கு அடிப்படையாயின. பயிற்சி சரியாக அமைந்தால் மருத்துவர் அல்லாதவராலும் உயிர்காக்கும் சிகிச்சை அளிக்க முடியும் என்பதை ஃப்ரீடம் ஹவுஸ் காட்டியது.

தீயணைப்பு நிலையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம்

இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கிடைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. எனவே உதவி அருகிலிருந்து வர வேண்டும். நகரின் ஒவ்வொரு பகுதியிலும் ஏற்கெனவே நிலையம், வண்டி, வானொலித் தொடர்பு, இரவும் பகலும் விழித்திருக்கும் ஆட்கள் எனத் தயாராக இருந்தது தீயணைப்புத் துறை.

ஃபுளோரிடாவின் மயாமி நகரில் மருத்துவர் யூஜின் நேகல் இதை முதலில் பயன்படுத்தியவர்களுள் ஒருவர். 1967-இல் அவர் தீயணைப்பு வீரர்கள் இருக்கும் இடத்திலிருந்து நோயாளியின் இ.சி.ஜி. பதிவை வானொலி வழியாக மருத்துவமனைக்கு அனுப்பச் செய்தார். மருத்துவர் மருத்துவமனையில் இருந்தபடியே அதைப் பார்த்து வழிகாட்டினார்.

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 1969-இல் ஹார்பர் பொது மருத்துவமனையில் மருத்துவர் மைக்கேல் கிரைலி தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் ஊசி போட அவர்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை. செவிலியர் ஒருவரும் உடன் செல்ல வேண்டியிருந்தது. இத்தடையை நீக்கிய வெட்வொர்த்-டவுன்சென்ட் சட்டத்தில் கலிஃபோர்னிய ஆளுநர் ரொனால்ட் ரீகன் 1970 ஜூலையில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மார்ச்சில் சியாட்டில் நகரில் மருத்துவர் லியோனார்ட் காப், தீயணைப்புத் தலைவர் கோர்டன் விக்கெரி ஆகியோர் ‘மெடிக் ஒன்’ சேவையைத் தொடங்கினர்.

1972-இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘எமர்ஜென்சி!’ என்ற தொடர் ஒளிபரப்பானது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் இரு தீயணைப்பு வீரர்-பாராமெடிக்குகளே அதன் நாயகர்கள். அப்போது நாட்டின் மிகச் சில ஊர்களிலேயே இத்தகைய சேவை இருந்தது. தொடரைப் பார்த்த மக்களிடையே தங்கள் ஊரிலும் இது வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பரவியது. 1973-இல் அவசர மருத்துவச் சேவைகளுக்கு நடுவண் அரசு நிதி தரும் சட்டமும் வந்தது.

விருப்பம் கட்டாயமாதல்

அடுத்த பத்தாண்டுகளில் தீயணைப்புத் துறையின் வேலையே மாறியது. புகை உணர்கருவிகளும் கட்டட விதிகளும் தீ விபத்துகளைக் குறைத்தன. 1980-இல் அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் ஏறத்தாழ 30 லட்சம் தீ விபத்துகளுக்குச் சென்றன. 2018-இல் இது சுமார் 13 லட்சமாகக் குறைந்தது. அதே காலத்தில் மருத்துவ உதவி அழைப்புகள் சுமார் 50 லட்சத்திலிருந்து 2.3 கோடிக்கு மேல் உயர்ந்தன. மொத்த அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவம் சார்ந்தவையாயின.

தீ குறையும்போது நிலையங்களையும் ஆட்களையும் குறைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. மருத்துவப் பணியை ஏற்பது அதற்கான விடையாகவும் அமைந்தது. இதனால் பல துறைகள் அனைத்து வீரர்களுக்கும் அடிப்படை அவசர மருத்துவப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. சில துறைகள் ஒரு படி மேலே சென்று, புதிதாகச் சேர்பவர் பாராமெடிக் உரிமம் வைத்திருக்க வேண்டும் அல்லது குறித்த காலத்துக்குள் பெற வேண்டும் என்றன. அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ 150 மணி நேரத்தில் முடியக்கூடியது. பாராமெடிக் பயிற்சிக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் தேவைப்படும்.

இரு தரப்பு வாதங்கள்

கட்டாயத்தை ஆதரிப்போர் நேரத்தை முன்வைக்கின்றனர். எந்த வண்டி முதலில் வந்தாலும் அதில் முழுப் பயிற்சி பெற்றவர் இருப்பார். ஒரே ஊதியத்தில் இரு பணிகள் நடக்கும் என்பது அவர்கள் வாதம்.

எதிர்ப்போர் தேர்ச்சியை முன்வைக்கின்றனர். மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது போன்ற கடினமான சிகிச்சை தேவைப்படும் நோயாளிகள் குறைவு. பாராமெடிக்குகளின் எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் அனுபவம் குறைந்து, கைப்பழக்கம் மங்கும். தீயணைப்பே தன் தொழில் என்று வந்தவர் மருத்துவப் பணியை வேண்டாவெறுப்பாகச் செய்யலாம். மருத்துவத்தில் ஆர்வமுள்ள, ஆனால் எரியும் கட்டடத்துக்குள் செல்ல இயலாத ஒருவர் வாய்ப்பையே இழக்கலாம்.

வெவ்வேறு வழிகள்

சியாட்டில் நகரம் இரண்டு நிலைகளாகப் பணியைப் பிரித்தது. அங்குள்ள எல்லாத் தீயணைப்பு வீரர்களும் அடிப்படைப் பயிற்சி பெறுகின்றனர். அருகிலுள்ள தீயணைப்பு வண்டி முதலில் சென்று மார்பழுத்தத்தையும் மின்னதிர்ச்சியையும் தொடங்குகிறது. பாராமெடிக்குகள் சிலரே, அவர்கள் வீரர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீண்ட பயிற்சி பெற்றுத் தனி வண்டியில் வருகின்றனர். கடுமையான நோயாளிகளை அடிக்கடி பார்ப்பதால் அவர்களது தேர்ச்சி நிலைக்கிறது. இதயம் நின்று மீண்டவர்களின் விகிதத்தில் அப்பகுதி நெடுங்காலமாக நாட்டின் முன்னணியில் உள்ளது.

நியூயார்க் நகரம் 1996 மார்ச்சில் ஆம்புலன்ஸ் சேவையைத் தீயணைப்புத் துறையோடு இணைத்தது. ஆனால் இரு பணிகளையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று கூறவில்லை. வீரர்கள் முதலுதவி நிலைப் பயிற்சியுடன் முதலில் செல்கின்றனர். பாராமெடிக்குகள் அதே துறையில் தனிப் பிரிவாக உள்ளனர்.

விரைவாக வருபவரும் ஆழ்ந்த தேர்ச்சி உடையவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்விரு நகரங்களும் காட்டுகின்றன. முதல் சில நிமிடங்களில் தேவைப்படும் எளிய சிகிச்சையை எல்லா வீரர்களுக்கும் கற்பிக்கலாம். அதற்கு அடுத்த கட்டத்துக்கு, அதையே தொழிலாகக் கொண்டு நாள்தோறும் செய்பவர்கள் தேவைப்படுகின்றனர்.