கோல்ஃப் தண்டின் விறைப்பு

கோல்ஃப் மட்டையின் கைப்பிடியையும் தலையையும் இணைக்கும் நீண்ட குழாயே தண்டு. ஆட்டக்காரர்கள் இதை ஷாஃப்ட் என்பார்கள். விசைக்கு உட்படும்போது அது எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதைக் கொண்டு அதன் விறைப்பு மதிப்பிடப்படுகிறது. கடைகளில் இதற்கு ஃபிளெக்ஸ் என்று பெயர். எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று தண்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். எல் மிக இளக்கமானது, எக்ஸ் மிக விறைப்பானது. பந்து எந்த உயரத்தில் கிளம்புகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, ஒரே அடியை ஆட்டக்காரரால் திரும்பத் திரும்ப அடிக்க முடிகிறதா ஆகிய மூன்றிலும் தண்டுக்குப் பங்கு உண்டு. தூரம் கூடும் என்று நம்பித் தண்டு மாற்றுபவர்களே அதிகம். உண்மையில் தண்டால் கிடைக்கும் பெரிய பயன் கட்டுப்பாடுதான்.

எழுத்தும் அளவும்

இந்த எழுத்துகளுக்குப் பொதுவான தரநிலை எதுவும் கிடையாது. விதிகளை வகுக்கும் அமெரிக்காவின் யூ.எஸ்.ஜி.ஏ. அமைப்பும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் மட்டையின் நீளத்துக்கும் தலையின் பருமனுக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. எது ஆர், எது எஸ் என்று வரையறுக்கவில்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் எஸ் தண்டு இன்னொரு நிறுவனத்தின் ஆர் தண்டைவிட இளக்கமாக இருக்கக்கூடும். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்ளும் இந்த வேறுபாடு வரும். சில தயாரிப்பாளர்கள் எழுத்தைக் கைவிட்டு எண்ணுக்கு மாறினார்கள். புராஜெக்ட் எக்ஸ் தண்டுகளில் 5.5, 6.0, 6.5 என்று அச்சிட்டிருப்பார்கள். எண் கூடினால் விறைப்பும் கூடும்.

மட்டை செய்பவர்கள் நம்புவது அதிர்வெண்ணை. கைப்பிடி முனையைப் பிடிப்பானில் இறுக்கி, மறுமுனையை இழுத்து விட்டால் தண்டு மேலும் கீழுமாக அதிரும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் கருவி எண்ணிச் சொல்லும். தொலைதூர அடிகளுக்கான டிரைவர் மட்டைக்கு ஏறத்தாழ 250 அதிர்வு என்றால் ஆர் வகை என்றும், 260 என்றால் எஸ் என்றும், 270 என்றால் எக்ஸ் என்றும் தோராயமாகக் கொள்ளலாம். மட்டையின் நீளம், தலையின் எடை, பிடிப்பான் கவ்வும் நீளம் ஆகியவை மாறினால் எண்ணும் மாறும். ஆகவே ஒரே கருவியில், ஒரே முறையில் அளந்த எண்களை மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒரு தொகுப்பிலுள்ள மட்டைகளையெல்லாம் அதிர்வெண்ணைக் கொண்டு ஒத்திசைவாகச் செய்யும் முறைக்கு 1970-களில் அமெரிக்கரான ஜோசப் பிரேலி காப்புரிமை பெற்றார்.

வீச்சின்போது நடப்பது

மேலே சென்ற மட்டை கீழே திரும்பி வந்து பந்தைத் தொடும்வரை தேர்ந்த ஆட்டக்காரருக்குக் கால் வினாடி அளவே ஆகும். அந்தக் குறுகிய நேரத்தில் தண்டு இரு திசைகளில் வளைகிறது. இறக்கத்தின் தொடக்கத்தில் கைகள் முந்துகின்றன, கனமான தலை பின்தங்குகிறது, தண்டு பின்பக்கமாக வளைகிறது. மணிக்கட்டுகள் விரியத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. தலையின் ஈர்ப்பு மையம் தண்டின் அச்சில் இல்லாமல் சற்றுப் பின்னால் தள்ளி இருப்பதால், சுழற்சியின் வெளிநோக்கு விசை அந்த மையத்தைக் கைகளுக்கு நேராகக் கொண்டுவரப் பார்க்கிறது. விளைவாக, பந்தைத் தொடும் நேரத்தில் தண்டின் கீழ்ப்பகுதி முன்பக்கமாகச் சில சென்டிமீட்டர் வளைந்திருக்கும். தலையின் வெளிமுனைப் பகுதி தரையை நோக்கித் தாழ்ந்தும் இருக்கும்.

முன்வளைவால் மட்டையின் முகம் மேல்நோக்கிச் சாய்கிறது. அதாவது பந்து காணும் லாஃப்ட் கூடுகிறது. முகம் சற்றே மூடவும் செய்கிறது. தண்டு இளக்கமானால் இவை இரண்டும் பொதுவாகக் கூடும், விறைப்பானால் குறையும். தண்டின் விறைப்பு ஆட்டத்தைத் தொடும் முக்கிய வழி இதுதான்.

தூரத்தைப் பற்றிய நம்பிக்கை இங்கேதான் அடிபடுகிறது. வளைந்த தண்டு மோதும் நொடியில் விடுபட்டுப் பந்தை உந்துகிறது என்று பலர் கற்பனை செய்கிறார்கள். பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மோதலின் அதிர்வு கைகளை எட்டுவதற்குள் பந்து கிளம்பிவிடும். 1968-ல் வெளிவந்த அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரின் ஆய்வு நூல் இதை நேரடிச் சோதனையால் காட்டியது. தலைக்குச் சற்று மேலே தண்டில் கீல் வைத்து அடித்தபோதும் பந்து கிட்டத்தட்ட வழக்கமான தூரம் சென்றது. மோதலின்போது தலை தனியாகப் பறந்து வந்து அடிப்பதுபோலவே செயல்படுகிறது என்பது அதன் முடிவு. 2009-ல் கனடாவின் சாஷோ மெக்கென்சி, எரிக் ஸ்ப்ரிகிங்ஸ் ஆகியோர் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்விலும் விறைப்பை மாற்றியதால் தலையின் வேகம் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. முகத்தின் சாய்வும் திசையும்தான் மாறின.

மரம், எஃகு, கார்பன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் 1920-கள் வரையிலும் தண்டுகள் வட அமெரிக்காவின் ஹிக்கரி மரத்தில் செய்யப்பட்டன. கைவினைஞர் ஒவ்வொரு தண்டையும் சீவி விறைப்பைத் தீர்மானிப்பார். இரண்டு தண்டுகள் ஒன்றுபோல அமைவது அரிது. ஹிக்கரி வளைவதோடு மிகுதியாக முறுகவும் செய்யும் என்பதால், அதைக் கொண்டு அடிக்க நிதானமான வீச்சு வேண்டியிருந்தது. பாபி ஜோன்ஸ் 1930-ல் ஒரே ஆண்டில் அன்றைய நான்கு பெரும் போட்டிகளையும் வென்றது ஹிக்கரி மட்டைகளால்தான். தொட்டுப்பார்த்து, அடித்துப்பார்த்து அவர் சேர்த்த அந்தத் தொகுப்பைப் பிற்காலத்தில் அதிர்வெண் கருவியில் அளந்தபோது ஒரேயொரு மட்டையைத் தவிர மற்றவை ஒத்திருந்தன என்றும், விலகியிருந்த அந்த மட்டைதான் எப்போதும் தொல்லை தந்ததாக ஜோன்ஸ் சொன்னார் என்றும் மட்டை செய்பவர்களிடையே ஒரு செய்தி வழங்கிவருகிறது.

எஃகுக் குழாயை அமெரிக்கா 1924-லும் ஆர் அண்ட் ஏ 1929-லும் அனுமதித்தன. 1931-ல் பில்லி பர்க் எஃகுத் தண்டால் அமெரிக்க ஓபனை வென்ற முதல் ஆட்டக்காரரானார். 1936-ல் ஜானி ஃபிஷர் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை ஹிக்கரி மட்டைகளோடு வென்றதே அந்த மரத்தின் கடைசிப் பெருவெற்றி. எஃகு வந்த பிறகுதான் ஒரே விறைப்புள்ள தண்டுகளை ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்தது, ஃபிளெக்ஸ் எழுத்துகளுக்கும் பொருள் வந்தது.

1960-களின் இறுதியில் மீன்பிடிக் கோல்கள் செய்துவந்த ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் பொறியாளர் ஃபிராங்க் தாமஸ் கார்பன் இழைத் தண்டை உருவாக்கினார். கிராஃபைட் என்று அழைக்கப்படும் இந்தத் தண்டு, பிசின் ஊறிய இழைத் தாள்களை எஃகுக் கம்பியின் மேல் சுற்றி, சூட்டில் இறுகவைத்துச் செய்யப்படுகிறது. தண்டின் நீளவாக்கில் ஓடும் இழைகள் வளைவை எதிர்க்கின்றன. 45 பாகைச் சாய்வில் சுற்றிய இழைகள் முறுக்கை எதிர்க்கின்றன. எந்த இடத்தில் எத்தனை சுற்று, எந்தக் கோணம் என்று மாற்றி, வளைவையும் முறுக்கையும் தனித்தனியாக வடிவமைக்க முடிவது இதன் பெரும் சிறப்பு. எஃகில் அந்தச் சுதந்திரம் குறைவு. இன்று டிரைவர்கள் ஏறக்குறைய எல்லாமே கிராஃபைட்டில்தான் வருகின்றன. குறைந்த தூர அடிகளுக்கான அயன் மட்டைகளில் எஃகு இன்னும் வலுவாக நிற்கிறது.

விறைப்போடு சேர்ந்தவை

எடை முதலில் கவனிக்க வேண்டியது. டிரைவரின் கிராஃபைட் தண்டுகள் சுமார் 40 முதல் 80 கிராம் வரை கிடைக்கின்றன. அயன் மட்டைகளுக்கான எஃகுத் தண்டுகள் 90 முதல் 130 கிராம் வரை. எடை மாறினால் வீச்சின் தாளமே மாறிவிடும். விறைப்பில் ஒரு படி தவறினால் பலர் சமாளித்துவிடுவார்கள், எடை பொருந்தாவிட்டால் பந்தை முகத்தின் நடுவில் பிடிப்பதே கடினமாகும். அதனால் எடையைத் தீர்மானித்துவிட்டு விறைப்புக்கு வருவதே சரியான வரிசை.

முறுக்கம் பாகையில் அளக்கப்படுகிறது. எஃகில் இரண்டு, இரண்டரை பாகை. கிராஃபைட்டில் அதிலிருந்து ஆறு, ஏழு பாகை வரை போகும். குறைந்த முறுக்கமுள்ள தண்டு கையில் கடினமாகத் தெரியும். அடுத்தது வளைவுப்புள்ளி, அதாவது தண்டு அதிகம் வளையும் இடம். அது நுனிக்கு அருகே இருந்தால் பந்து சற்று உயரமாகவும், கைப்பிடிப் பக்கம் இருந்தால் சற்றுத் தாழ்வாகவும் கிளம்பும் என்பது பொதுவிதி. விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல.

நீளமும் விறைப்பை மாற்றும். தண்டின் நுனியை வெட்டினால் அது குறிப்பிடத்தக்க அளவு விறைக்கும். கைப்பிடி முனையை வெட்டினால் கொஞ்சம் விறைக்கும். மட்டையை நீட்டினாலோ தலைக்கு எடை சேர்த்தாலோ அதே தண்டு இளகும். பழைய மட்டையை வாங்கி நீளத்தை மாற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

விதிகளைப் பொறுத்தவரை, தண்டை எந்தப் பக்கம் திருப்பி வளைத்தாலும் ஒரே அளவு வளைய வேண்டும், இரு திசையிலும் ஒரே அளவு முறுக வேண்டும். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டையைத் தவிர மற்ற மட்டைகளின் நீளம் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2022 முதல் தொழில்முறைப் போட்டிகளில் 46 அங்குல வரம்பை வைக்க இடமளிக்கும் விதியும் உண்டு.

பொருந்தாத தண்டு

வலக்கை ஆட்டக்காரருக்குத் தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் பந்து தாழ்வாகப் பறந்து வலப்பக்கம் சாயும். அடி கட்டையாக, உயிரில்லாமல் கையில் தெரியும். தலையைத் தண்டு எங்கே வைத்திருக்கிறது என்று உணர முடியாததால் பலர் வலிந்து அடிக்கத் தொடங்குவார்கள். அந்த வலிந்த வீச்சுதான் கட்டுப்பாட்டை அதிகம் கெடுக்கிறது. தண்டு மிக இளக்கமாக இருந்தால் பந்து உயரப் போகும், இடப்பக்கம் வளையும், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் தொடர்பில்லாமல் சிதறும்.

இந்த அறிகுறிகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்குப் பந்து வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ் பெரும்பாலும் முகம் திறந்திருப்பதாலும் வீச்சுப் பாதை வெளியிலிருந்து உள்ளே வருவதாலும் நேர்கிறது. அதைத் தண்டு மாற்றித் தீர்க்க முயல்வது பணத்தை வீணாக்குவதே. பத்தில் ஏழெட்டு அடிகளாவது ஒரே பக்கம் போகும் நிலைக்கு வந்த பிறகு தண்டைச் சோதிப்பது பயன் தரும்.

தேர்வு

தொடக்கப் புள்ளியாக டிரைவர் தலையின் வேகத்தைக் கொள்வது வழக்கம். மணிக்கு 75 மைலுக்குக் கீழே எல், 75 முதல் 85 வரை ஏ, 85 முதல் 95 வரை ஆர், 95 முதல் 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ். கிலோமீட்டர் கணக்கில் ஆர் வகையின் எல்லை சுமார் 137 முதல் 153 வரை. அமெரிக்க ஆண்கள் தொழில்முறைச் சுற்றில் சராசரி 113 மைலை ஒட்டியும், பெண்கள் சுற்றில் 94 மைலை ஒட்டியும் இருந்துவந்துள்ளது. பெண்களுக்கு எல், மூத்தோருக்கு ஏ என்று அடையாளம் பார்த்துத் தண்டை நீட்டும் பழக்கம் எவ்வளவு தவறு என்பதற்கு அந்த 94 மைலே சான்று. அந்த வேகமுள்ள பெண்ணுக்கு எல் தண்டைக் கொடுப்பது அவர் ஆட்டத்தைக் கெடுப்பதாகும். எதிர்ப்பக்கத்தில், 88 மைல் வேகமுள்ள ஆண்கள் கௌரவத்துக்காக எஸ் எழுத்தைத் தேடிப் போகிறார்கள். இரண்டுமே விலக்க வேண்டியவை.

வேகத்தைவிட நுட்பமானது அந்த வேகம் எப்படி வருகிறது என்பது. உச்சியில் ஒரு கணம் நின்று மெல்ல இறங்கி 100 மைலை எட்டுபவரும், உச்சியிலிருந்து வெட்டியிழுத்து அதே 100 மைலை எட்டுபவரும் தண்டை ஒரே மாதிரி வளைப்பதில்லை. முன்னவர் ஆர் தண்டில் நேராக அடிக்கக்கூடும்; பின்னவருக்கு எஸ்ஸே இளக்கமாகத் தோன்றலாம். மணிக்கட்டைக் கடைசிவரை பிடித்துவைத்து விடுபவருக்கு நுனி விறைத்த தண்டும், முன்கூட்டியே விட்டுவிடுபவருக்கு நுனி இளகிய தண்டும் பெரும்பாலும் பொருந்துகின்றன.

சோதனையின்போது தலையை மாற்றாமல் தண்டை மட்டும் மாற்ற வேண்டும். இன்றைய டிரைவர்களில் திருகாணியைக் கழற்றித் தண்டை மாற்ற முடிவதால் இது எளிது. பந்து கிளம்புவதை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவியில் மிக நீண்ட ஒரு அடியை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தண்டிலும் உடல் சூடான பிறகு பத்து அடிகளாவது அடித்து, கிளம்பும் கோணமும் பக்கவாட்டு விலகலும் எந்தத் தண்டில் குறைவாகச் சிதறுகின்றன என்று பாருங்கள். இரண்டு தண்டுகள் சமமாக வந்தால், வலிந்து அடிக்கத் தூண்டாத இளக்கமான தண்டை எடுப்பதே பெரும்பாலோருக்கு நல்லது. அயன் மட்டைகளை டிரைவரோடு சேர்த்துத் தீர்மானிக்க வேண்டாம். 7-ம் எண் அயனைக் கொண்டு தனியாகச் சோதியுங்கள். வயதும் காயமும் வேகத்தை மாற்றும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அளந்துகொள்ளுங்கள். தண்டின் மேலுள்ள எழுத்தைக் காகிதத்தால் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அவரிடமே வாங்குங்கள்.