கடல் கடக்கும் போனஸ்

கார் இன்சூரன்ஸில் தரப்படும் 'நோ கிளைம் போனஸ்' வண்டிக்கு உரியதல்ல, பாலிசிதாரருக்கு உரியது. ஓராண்டு முழுக்க நஷ்டஈடு கேட்காதவருக்கு மறு ஆண்டு பிரீமியத்தில் கிடைக்கும் சலுகை அது. புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் ஒருவர் காரை விற்றால், ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறும். போனஸ் விற்றவரிடமே தங்கும்.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயமானது 1946 ஜூலை 1 முதல்தான். 1973இல் பொதுக் காப்பீடு முழுதும் அரசுடைமையானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உட்பட நான்கு நிறுவனங்கள் மிஞ்சின. எல்லோருக்கும் ஒரே டாரிஃப், அதாவது ஒரே கட்டண விதி என்பதால் அப்போது ஏஜென்ட்டிடம் பேரம் பேச வழியிருக்கவில்லை. ஒரே மாதிரி கார் வைத்திருந்த இருவரின் பிரீமியத்தில் வித்தியாசம் காட்டியது பெரும்பாலும் போனஸ்தான். அதற்கான விதிகள் அத்தனை நுணுக்கமாக எழுதப்பட்டதில் வியப்பில்லை.

2002 ஜூலையில் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் போனஸ் படிகளை 20, 25, 35, 45, 50 சதவீதம் என வகுத்தது. அதற்கு முன்பே 55, 65 சதவீதம் எட்டியவர்களுக்கு, கிளைம் வரும்வரை அது நீடித்தது. ஒரு கிளைம் வந்தால் எல்லாம் பூஜ்யம். கழிவு, சொந்த வண்டியின் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதிக்கு மட்டுமே. அது 12,000 ரூபாய் என்றால் 50 சதவீதக்காரர் 6,000 கட்டுவார், தேர்டு பார்ட்டி தொகையில் ஒரு ரூபாயும் குறையாது. 2007இல் ஓன் டேமேஜ் கட்டணம் நிறுவனங்களின் கைக்குப் போன பிறகும் இந்தப் படிக்கட்டு அப்படியே நின்றது.

வெளிநாடு போகிறவர் காரை விற்றதும், பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் காட்டி நிறுவனத்திடம் போனஸ் கடிதம் வாங்கி வைப்பார். பழைய பாலிசி முடிந்து மூன்று ஆண்டுக்குள் புதுப் பாலிசி எடுத்தால் அது செல்லும். வெளிநாட்டில் சேர்த்த போனஸையும் அதே டாரிஃப் ஏற்றது: அங்குள்ள பாலிசி முடிந்து மூன்று ஆண்டுக்குள், உரிய சான்றோடு வர வேண்டும்.

இந்தியா திறந்து வைத்த இந்தக் கதவு ஒருவழிக் கதவு. திருக்கோகர்ணத்துக்காரரின் கடிதத்தை ஏற்பதா என்பது அவர் போகும் நாட்டு நிறுவனத்தின் விருப்பம். ஏற்றாலும் கணக்கு பொருந்துவதில்லை. மலேசியாவின் படிகள் 25, 30, 38.33, 45, 55 சதவீதம். சிங்கப்பூரில் 10இல் தொடங்கி 50இல் முடியும். அங்கே உச்சியில் இருப்பவர் ஒரு கிளைமுக்கு 20க்கு இறங்குவார், இந்தியாவைப் போல அடியோடு இழப்பதில்லை.

மூன்று ஆண்டு என்பது வளைகுடா வேலைக்குப் போதாத கெடு. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை ஒரு முறை நீட்டித்தாலே கடிதம் காலாவதியாகிவிடும். அங்கே சொந்தக் கார் ஓட்டியவர் அந்நாட்டுச் சான்றைக் கொண்டு சமாளிக்கலாம். கம்பெனி வண்டி ஓட்டியவருக்கு அதுவும் இல்லை; அந்தப் பாலிசி கம்பெனி பெயரில் இருப்பதால், எத்தனை ஆண்டு விபத்தின்றி ஓட்டியிருந்தாலும் ஊர் திரும்பி வாங்கும் காருக்கு முழு பிரீமியமே.