உடற்பயிற்சியும் புற்றுநோய் எதிர்ப்பாற்றலும்

உடற்பயிற்சியால் உடலின் நோயெதிர்ப்பு அணுக்களில் ஏற்படும் மாற்றம், புற்றுநோய்க் கட்டிகளைக் கட்டுப்படுத்த எவ்வளவு உதவுகிறது என்பதைப் பற்றியது இக்கட்டுரை.

வேகமாக நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அட்ரினலின் சுரக்கிறது. மண்ணீரலிலும் ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் தங்கியிருக்கும் இயற்கைக் கொல்லி அணுக்களும் சிடி8 டி அணுக்களும் ரத்த ஓட்டத்துக்கு வருகின்றன. இவ்விரண்டுமே புற்றணுக்களைக் கொல்ல வல்லவை. கடும் பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் இவற்றின் எண்ணிக்கை பழைய அளவுக்கும் கீழே இறங்கும். அதை எதிர்ப்பாற்றல் குறைவதாகவே நெடுங்காலம் கருதினர். அணுக்கள் அழிவதில்லை, திசுக்களுக்குள் இடம்பெயர்கின்றன என்பது இன்றைய விளக்கம்.

2016இல் கோபன்ஹேகனில் பெர்னில் ஹொய்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளுக்குக் கட்டிகள் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. கொல்லி அணுக்களை நீக்கியபோது அந்தப் பலன் மங்கியது. அட்ரினலினைத் தடுக்கும் புரோப்ரனலால் கொடுத்தபோதும் அப்படியே. 2020இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆய்வு சிடி8 அணுக்களுக்கும் இதில் பங்குண்டு என்று காட்டியது.

மனிதர்களிடம் கிடைத்த வலுவான சான்று 2025இல் வெளியான சேலஞ்ச் ஆய்வு. அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஒரு பாதியினர் மூன்றாண்டுகள் கண்காணிப்புடன் பயிற்சி செய்தனர். எட்டாண்டு முடிவில் அவர்களில் 90.3 சதவீதத்தினர் உயிருடன் இருந்தனர். நலக்கல்விக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83.2 சதவீதத்தினர். இந்தப் பலன் நோயெதிர்ப்பு வழியே வந்ததா என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. எலியில் வழி தெரிகிறது, மனிதரில் விளைவு தெரிகிறது. இரண்டையும் இணைக்கும் சான்று இன்னும் மெலிவாகவே உள்ளது.

கொங்கு மண்டலத்தில் கோயம்புத்தூர் மாரத்தான் புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் ஓட்டமாக 2013 முதல் நடக்கிறது. சேலஞ்ச் ஆய்வு கேட்டதோ மாரத்தான் அல்ல, வாரம் மூன்று நான்கு முறை முக்கால் மணி நேர வேகநடை அளவு கூடுதல் உழைப்புதான். நடைப்பயிற்சிக்கென 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது.

ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் விசைத்தறிக் கூடத்தில் நாள் முழுக்க நின்று உழைப்பவருக்கு உடற்பயிற்சியின் இதே பலன் உண்டா? 14.4 லட்சம் பேரை ஆராய்ந்து 13 வகைப் புற்றுநோய்கள் குறைவதாகக் கண்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு, ஓய்வுநேர உடலுழைப்பை மட்டுமே கணக்கில் எடுத்தது. தறிக்கூட வேலை அதில் சேரவில்லை.