இணையத்தின் வாயிலும் பெயர்ப்பலகையும்

ஆந்திர எல்லையை அடுத்த எளாவூர்ச் சோதனைச்சாவடியில் சரக்குந்துகள் நிறுத்திச் சோதிக்கப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். 1974இல் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் வகுத்த இணைய நெறி இதற்கு நேர்மாறானது. வலையமைப்புகளுக்கு இடையிலான வாயில்கள் முகவரியை மட்டும் பார்த்துத் தகவற்பொதியை அனுப்பும். உள்ளிருப்பது எம்மொழி என ஆராய்வதில்லை. ஆதலால் ஒவ்வொரு நாடும் தன் வலையமைப்பைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டே உலகோடு இணைய முடிந்தது. 1986இல் இந்தியாவில் தொடங்கிய எர்நெட் கல்வி வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றது.

ஆனால் 1983இல் உருவான தளப்பெயர் முறை, நடைமுறையில் ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்குறி ஆகியவற்றையே ஏற்றது. வீட்டினுள் எம்மொழியும் பேசலாம். பெயர்ப்பலகை மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும் என்றாயிற்று. இத்தடையை நீக்கும் நெறி 2003இல்தான் வந்தது. 2010 மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் பெயர்கள் அரபு எழுத்தில் இணைய முகவரிகளாயின. ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’, ‘இந்தியா’ எனத் தமிழ்ப் பெயர்களும் பின்தொடர்ந்தன.

எனினும் இப்பெயர்கள் இன்றும் உள்ளே ஆங்கில எழுத்துக் குறியீடாக மாற்றப்பட்டே தேடப்படுகின்றன. அரபு எழுத்துகளுக்குப் புதுக்குறிகளிட்டு அரபுத்தமிழ் கண்ட நம் முன்னோர், எழுத்தை மொழிக்கேற்ப விரித்தனர். இணையமோ மொழிகளைப் பழைய எழுத்துக்குள் அடக்கியது. வரைபடம் தீட்டப்படும்போது அவையில் இல்லாதோர்க்குப் பின்னர்க் கிடைப்பது ஒட்டுத்திண்ணையே. அடுத்த தொழில்நுட்பத்திலேனும் நாம் தொடக்கத்திலேயே அமர்தல் வேண்டும்.