புல்லட்டுக்கும் ஒரு கல்வெட்டு உண்டு



விழுப்புரத்தில் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் பேசினார். "ஐயா, அப்பா ஓட்டிய 1960களின் புல்லட்டைச் சென்னையிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்கிறார். பழைய இரும்புக்கு ஏன் இவ்வளவு கொடுக்கிறார்கள்? கொடுத்துவிடலாமா?" என்றார். பதில் வரலாற்றில் இருக்கிறது. எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரே சிலிண்டர் கொண்ட பந்தய வண்டிகளைச் செய்வதில் ஒரு காலத்தில் இங்கிலாந்து பெயர் பெற்றிருந்தது. அங்கே புரூக்லண்ட்ஸ் என்ற பந்தயத் தளத்தில், பந்தயத்தின்போது மணிக்கு 100 மைல் வேகத்தில் ஒரு சுற்று முடித்தவருக்குத் தங்க நட்சத்திரப் பதக்கம் தருவார்கள். 1937இல் வால் ஹேண்ட்லி என்ற வீரர் பி.எஸ்.ஏ. வண்டியில் அதை வென்றார். மறு ஆண்டே அந்த நிறுவனம் தன் வண்டிக்கு 'கோல்ட் ஸ்டார்' என்று பெயர் வைத்தது.

இன்னொன்று நார்ட்டன் மேங்ஸ். ஐல் ஆஃப் மேன் தீவில் மலைச் சாலையிலேயே பந்தயம் நடக்கும். ஒரு சுற்று ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இத்தாலியர்கள் நான்கு சிலிண்டர் வண்டிகளோடு வந்த பிறகும், 1961இல் மைக் ஹெயில்வுட் ஒற்றைச் சிலிண்டர் நார்ட்டனில் சீனியர் பந்தயத்தை வென்றார். சராசரி வேகம் 100 மைலுக்கு மேல். அடுத்த சில ஆண்டுகளில் இந்த இரண்டு வண்டிகளின் உற்பத்தியும் நின்றுவிட்டது.

சேகரிப்பவர்கள் இவற்றைத் தேடுவது வென்ற பெருமைக்காகவும் அருமைக்காகவும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பந்தயத்தில் என்ஜின் உடைந்தால் வேறு வண்டியின் என்ஜினைப் பூட்டுவார்கள். பாகங்களையும் இன்று புதிதாகச் செய்கிறார்கள். அதனால் "இது அசல்தானா?" என்ற கேள்விதான் விலையை முடிவு செய்கிறது.

நம் புல்லட்டும் இதே ஒற்றைச் சிலிண்டர் குடும்பம்தான். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் 1932 முதல் புல்லட் என்ற பெயரில் வண்டி செய்தது. 1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் புது புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றார்கள். வேகத்தைவிடத் தாங்கும் திறனைச் சோதிக்கும் போட்டி அது. 350 வண்டியின் சிலிண்டர் அகலம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90. உள்ளே கனமான சக்கரங்கள். சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. அந்த 'தட் தட்' ஓசையின் ரகசியம் இதுதான்.

சென்னையில் கே. ஆர். சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் இந்த வண்டிகளை இறக்குமதி செய்தது. 1952இல் இந்திய ராணுவம் புல்லட் கேட்டது. 1955இல் ரெடிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. படிப்படியாக எல்லாம் இங்கேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தில் அந்த நிறுவனம் 1970இல் மூடப்பட்டது. திருவொற்றியூர் மூடவில்லை. 1977இல் திருநெல்வேலிக்கே அல்வா அனுப்புவது போல, நம் புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது!

இளவயதில் என் சித்தப்பாவோடு ஒருமுறை சோழவரம் பந்தயத்துக்குப் போனேன். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. பந்தயம் 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறும்வரை அங்கேதான் நடந்தது. நாள் முழுக்க வெயிலில் நின்றோம். சித்தப்பா ஓட்டியதும் புல்லட்தான். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆம்பியர் முள் நடுவுக்கு வந்த பிறகுதான் கிக்கரை மிதிக்க வேண்டும். அவசரப்பட்டால் திருப்பி உதைக்கும். பிற்பாடு ஆள் இல்லாமல் துருப்பிடித்த அந்த வண்டி, திண்டிவனத்தில் எடைக்குப் போனது. ஆர்.சி. புத்தகம் யாரிடம் போனதென்றே தெரியவில்லை.

ஐந்தாம் வகுப்பில் உங்களை மண்டகப்பட்டுக்கு அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மகேந்திரவர்மன் அமைத்த கோயில் என்று நமக்குச் சொல்வது அங்குள்ள கல்வெட்டு. அது இல்லாவிட்டால் வெறும் குகைதான். வண்டிக்குக் கல்வெட்டு அதன் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும். அவை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனால் அது வரலாறு. எண்ணைத் தேய்த்து, அசல் சைலன்சரைக் கழற்றி, பளபளவென்று குரோம் பூசினால் அழகாக இருக்கும். ஆனால் சான்று போய்விடும்.

அந்த மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: "விற்பதும் வைத்திருப்பதும் உன் விருப்பம். முதலில் எண்களைச் சரிபார். பழைய ரசீது, வரி கட்டிய சீட்டு, அப்பா வண்டியோடு நிற்கும் படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடு. விற்றால் நகல் எடுத்துக்கொண்டு கொடு." 50 ஆண்டு தாண்டிய, அசல் நிலை மாறாத வண்டிகளுக்கென்று 2021இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினமும் கடைக்கு ஓட்ட முடியாது. யோசித்துச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டுப் பின்கட்டில் சாக்குப் போர்த்தி நிற்கும் வண்டி எதுவானாலும், எடைக்குப் போடும் முன் அப்பாவிடமோ தாத்தாவிடமோ அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்