பேருந்துத் தடமும் பயணிகளின் சொல்லும்

ஒரு நகரின் பேருந்துத் தடங்களை வரைபடத்தில் கோடுகளாகக் காண்பது எளிது. அக்கோடுகளை நம்பி அன்றாடம் பிழைப்புக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்வோரை வரைபடம் காட்டுவதில்லை. ஆகவே, தடங்களை மாற்றியமைக்குங்கால் பயணிகளின் சொல்லுக்கு எத்துணை இடம் தரப்பெற்றது என்பது ஆராயத்தக்கதாகும். சிங்கப்பூரின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்று.

1920-களில் அத்தீவில் ஏழு பேர் அமரக்கூடிய சிறு வண்டிகள் ஓடின. 'கொசு பஸ்' என்பது அவற்றுக்கு மக்கள் இட்ட பெயர். அவற்றுக்கு வகுத்த தடமென ஒன்றில்லை. எங்கே மக்கள் கூடி நின்றனரோ, அங்கே வண்டி சென்றது. ஒழுங்கு இல்லை, பாதுகாப்பும் குறைவு. எனினும் பயணியின் தேவையே தடத்தை வகுத்தது. 1925-இல் சிங்கப்பூர் டிராக்சன் கம்பெனி தோன்றியது. 1930-களில் உரிமச் சட்டம் வரவே, சிறு வண்டிக்காரர்கள் சீனப் பேருந்துக் கம்பெனிகளாக ஒன்றுகூடினர். நகருக்குள் பெரும்பாலும் டிராக்சன் கம்பெனி, வெளியூர்ப் பகுதிகளுக்குச் சீனக் கம்பெனிகள் என்னும் பிரிவினை நிலைத்தது.

1955 மே மாதம் ஹாக் லீ பேருந்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் கலவரமாக மூண்டது. 1956-இல் ஹாக்கின்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, கம்பெனிகள் யாவற்றையும் ஒரே அமைப்பின்கீழ்க் கொணரலாம் என்றது, அது நிறைவேறவில்லை. பின்னர் 1970-இல் ஆஸ்திரேலிய நிபுணர் வில்சன் அளித்த அறிக்கையை அடியொற்றி, 1971 ஏப்ரலில் கம்பெனிகள் நான்காகக் குறைக்கப்பெற்றன. அவ்வாண்டு முடிவில் டிராக்சன் கம்பெனி மறைந்தது. எஞ்சிய மூன்றும் 1973-இல் 'சிங்கப்பூர் பஸ் சர்வீஸ்' என ஒன்றாயின. இச்சீர்திருத்தங்கள் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் நடுப்பொருளாக நின்றவை உரிமையும் நிர்வாகமுமே.

அரை நூற்றாண்டு கழிந்தது. செம்பவாங்கிலிருந்து தாம்சன் சாலை வழியாகப் புக்கிட் மேரா செல்லும் 167-ஆம் எண் பேருந்தை நிறுத்தப்போவதாக 2023 நவம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடம் வந்தபின் பயணிகள் குறைந்தனர் என்பதே காரணம். மக்களிடமிருந்து மறுப்பு எழுந்தது. அதே மாதத்தில் முடிவு மாற்றப்பெற்று, 30 நிமிடத்துக்கு ஒரு வண்டியாக அச்சேவை தொடரும் எனத் தற்காலிகப் போக்குவரத்து அமைச்சர் தெரிவித்தார்.

இருதரப்பு நியாயத்தையும் சீர்தூக்கல் வேண்டும். பாதி வெறுமையாய் ஓடும் வண்டி, நெரிசலான வேறொரு குடியிருப்புக்கு உதவ வேண்டிய வண்டி. அதனை ஓட்டுபவரும் அவ்வாறே. மறுபுறம், மாடிப்படி ஏறி ரயில் மாறவியலாத முதியவருக்கு நேரே செல்லும் பேருந்து வசதியன்று; வெளியுலகத்தோடு அவரைப் பிணைக்கும் கயிறு. அவருடைய இடர்ப்பாடு பயணிகளின் எண்ணிக்கைக் கணக்கில் ஒன்று மட்டுமே.

2024-இல் பேருந்துச் சேவையை விரிவாக்க எட்டு ஆண்டுகளில் 90 கோடி வெள்ளி வரை செலவிட அந்நாட்டு அரசு திட்டம் அறிவித்தது. பொருள் உண்டு, நிபுணரும் உளர். வேண்டுவது முறை ஒன்றே. வரைந்தபின் கேட்டால் மக்கள் வாயில் வருவது மறுப்பு. வரையுமுன் கேட்டால் வருவது யோசனை. 167 கற்பித்த பாடம் இதுவே.